தலைக்காயமும் காப்பீடும்

திருப்பூர் என்ற பெயரைக் கேட்டதும் நாட்டு மக்களுக்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று பனியன், மற்றொன்று கொடி காத்த குமரன். 1932 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள் இவ்வூர் வீதியில் கொடி ஏந்தி ஊர்வலம் சென்ற குமரன், போலீசாரின் தடியடியால் தலையில் பலத்த காயம் அடைந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அவருடைய தியாகத்தை மாணவர்களாகிய நீங்கள் பாட நூல்களில் படித்திருக்கிறீர்கள். நான் இன்று சுட்டிக் காட்ட விரும்புவது அதனோடு சேர்ந்த வேறொரு செய்தி. அந்த ஆண்டில் மண்டையில் அடிபட்ட ஒருவரை அழைத்துச் செல்வதற்கு மூளை அறுவைக்கென்று தனித்துறை கொண்ட ஆஸ்பத்திரி நம் நாட்டில் இருக்கவில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949 இல் அத்தகைய துறையைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார்.

இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. மண்டை ஓட்டைத் திறவாமலே உள்ளே நிகழ்வதைப் படமாகக் காட்டும் கருவி உண்டு. உறைந்த இரத்தத்தை அகற்றத் தேர்ந்த கைகள் உண்டு. ஆகவே கேள்வியும் மாறிவிட்டது. "இதற்குச் சிகிச்சை உண்டா?" என்று அக்காலத்தில் கேட்டார்கள். "இதற்குப் பணம் கட்டுவது யார்?" என்று இக்காலத்தில் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நான் திருப்பூர் ராயபுரத்தில் குடியிருப்பவன். பனியன் கம்பெனிகளின் சம்பளக் கணக்கும் இ.எஸ்.ஐ. கணக்கும் எழுதுவது என் தொழில். ஆகையால் இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. என் மேசைக்கு எதிரே வந்து நின்று மனிதர்கள் கேட்கும் கேள்வி.

முதலில் காயத்தின் தன்மையைச் சிறிது தெரிந்து கொள்வோம். கையில் அடிபட்டால் கை வீங்குகிறது. வீங்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது. மூளையோ எலும்பாலாகிய மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கும் பொருட்டு இயற்கை அமைத்த அப்பெட்டி, உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் மூளைக்கே பகையாகிவிடுகிறது. கசிந்த இரத்தம் விரிவதற்கு வழி இல்லாமல் மூளையை அழுத்துகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் பகுதி நசுங்கும் வரையில் அந்த அழுத்தம் ஏறக்கூடும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றமும் உண்டு. நெற்றிப் பொட்டின் பக்கத்தில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஓடும் இரத்தக் குழாய் அறுந்தால், அடிபட்டவர் முதலில் மயங்கிப் பிறகு தெளிந்து எழுந்து பேசுவதுண்டு. "ஒன்றும் இல்லீங்க, லேசாத்தான் பட்டது" என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்வார். சில மணி நேரத்தில் வாந்தி, கடுந்தலைவலி, குழறிய பேச்சு, பிறகு நினைவிழப்பு என்று வரிசையாகத் தொடரும். இடையில் வந்த அந்தத் தெளிவை நம்பிவிட்டவர்கள் பலர். அந்த நேரத்திற்குள் படம் எடுத்துப் பார்த்து அறுவை செய்தால் முழுமையாகப் பிழைத்து எழ வாய்ப்பு மிகுதி. தவறினால் இழப்பு. முதியவர்களுக்கோ சிறிய அடியின் பின்னர் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்தே நடையும் நினைவும் தடுமாறத் தொடங்குவதும் உண்டு.

காயத்தின் கடுமையை அளப்பதற்கு, ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்து டாக்டர்களான கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய இருவரும் 1974 இல் ஓர் எளிய முறையை வகுத்தார்கள். கண் திறப்புக்கு 4 மதிப்பெண், பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6; ஆக மொத்தம் 15. பதினைந்தும் பெற்றவர் தெளிவாக இருக்கிறார். 13 முதல் 15 வரை லேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்குக் குறைந்தால் கடுமையானது. மிகக் குறைந்த அளவு 3. கருவி எதுவும் வேண்டாத இந்தப் பரீட்சையை இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் கையாளுகின்றன. மண்டைக்குள் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பொறியியலாளர். லண்டன் மாநகரின் ஆஸ்பத்திரி ஒன்றில் 1971 அக்டோபர் முதல் நாள் அது முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1979 இல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த விஞ்ஞானம் எல்லாம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அது இலவசமாக வரவில்லை. ஸ்கேன், அறுவை, செயற்கைச் சுவாசக் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்காகத் தங்குதல் ஆகிய யாவும் சேர்ந்தால், தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தையல் தொழிலாளியின் ஓராண்டு வருவாயை எளிதாக விழுங்கிவிடும். மேலும், மற்ற நோய்களுக்குச் செலவு செய்யுமுன் யோசிக்க நேரம் கிடைக்கிறது. தலைக்காயம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நகையை அடகு வைக்கும் கடை திறக்கும் முன்னரே மூளை அழுந்திவிடும். எனவேதான் இதற்கு முன்கூட்டியே செய்த ஏற்பாடு வேண்டும் என்கிறோம்.

காப்பீடு என்பது இந்த முன் ஏற்பாடே. நம் கொங்கு நாட்டில் மொய் எழுதும் வழக்கம் உண்டு. ஊரார் அனைவரும் சிறிது சிறிதாகக் கொடுக்க, கலியாண வீட்டாரின் பெருஞ்செலவு ஒருவாறு ஈடாகிறது. சீட்டுப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் சீட்டில் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் தம் பணத்தைத் திரும்ப எடுக்கிறார். காப்பீட்டிலோ பலர் போட்ட பணத்தைத் துன்பம் நேர்ந்த சிலரே எடுக்கிறார்கள். மற்றவர்கள் எடுக்க நேரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தமக்கு விபத்து நேரவில்லை என்பதே அவர்களுடைய லாபம். கட்டிய பணம் வீணாயிற்று என்று சொல்லும் தொழிலாளரிடம் நான் இதையே சொல்லி வருகிறேன்.

தொழிலாளரின் விபத்துக்கு ஈடு செய்யக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்ற கருத்தை ஜெர்மனி 1884 இல் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1923 இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. பிறகு பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944 இல் அளித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1948 இல் தொழிலாளர் அரசு இன்ஷுரன்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது இதனையே. 1952 பிப்ரவரி 24 ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955 இல் அது கோயம்புத்தூருக்கு வந்தது. இப்பழைய சட்டங்கள் இரண்டும் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் காப்பீட்டின் அடிப்படை மாறவில்லை.

இனி, ஒரு வாலிபனைக் கற்பனை செய்து கொள்வோம். அவன் ராயபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். பவர் டேபிளில் பனியன் தைக்கிறான். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அவனுக்கு ஒரே விதமான தலைக்காயம் மூன்று வெவ்வேறு இடங்களில் நேர்வதாக வைத்துக் கொள்வோம். காயம் ஒன்றே ஆயினும், பணம் தரும் கை ஒவ்வோரிடத்திலும் வேறுபடுவதை நீங்கள் காணலாம்.

முதலாவது, அவன் துணிக்கட்டைச் சுமந்து கம்பெனியின் மாடிப்படியில் இறங்கும்போது சறுக்கி விழுகிறான். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் இதில் அடங்குவர் என்று வரம்பு உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். நம் வாலிபன் கணக்கில் மாதம் அவனிடமிருந்து 90 ரூபாய், முதலாளியிடமிருந்து 390 ரூபாய், மொத்தம் 480 ரூபாய் சேர்கிறது. இதற்கு ஈடாக அவனுக்கு மருத்துவம் கிடைக்கிறது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இல்லாத உயர் சிகிச்சையை, அது ஒப்பந்தம் செய்து கொண்டுள்ள ஆஸ்பத்திரிகளில் பெறலாம். வேலை செய்ய இயலாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உதவித் தொகையாக வரும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால், மருத்துவக் குழு மதிப்பிடும் உழைப்புத் திறன் இழப்புக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் தொகை கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இந்த உரிமை உண்டு என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதே வாலிபன் காலையில் வேலைக்குச் செல்லும் வழியில், அவிநாசி சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறான். வழியில் நேரும் விபத்து வேலை விபத்தாகுமா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 2010 இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையனவாக இருந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும். ஷிப்டு முடிந்து இரவு நேரத்தில் வண்டி ஓட்டிச் செல்லும் பல்லாயிரம் தொழிலாளர் வாழும் ஊருக்கு இத்திருத்தம் எவ்வளவு பெரிய அரண் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அவன் ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் பல்லடம் சாலை வழியாகச் செல்லும்போது விழுகிறான். இது வேலை விபத்து ஆகாது. ஆயினும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி சாதாரண நோய்க்கும் உண்டாதலால், அதற்குரிய தகுதி விதிகளுக்கு உட்பட்டு அவன் சிகிச்சை பெறலாம். உதவித் தொகை மட்டும் குறையும். சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது, அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள் வரையில் என்பது விதி.

அப்படியானால் இ.எஸ்.ஐ. இல்லாதவர் கதி என்ன? நம் ஊரில் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் தெருத்தோறும் உள்ளன. அங்கே வேலை நேரத்தில் அடிபட்டால் சிகிச்சைச் செலவையும் நஷ்ட ஈட்டையும் முதலாளியே தர வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி கூறுகிறது. ஆனால் அந்த முதலாளியும் பல சமயம் நேற்று வரை தையல் தொழிலாளியாக இருந்தவரே. சட்டம் அவர்மேல் சுமத்தும் பாரத்தைத் தாங்க அவரிடம் பணம் இருப்பதில்லை. ஆகவே வேறு வழிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இது 2012 ஜனவரி 11 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் செலவை ஏற்கிறார்கள். மூளை அறுவையும் அவற்றுள் ஒன்று. தவணைத் தொகையைக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை, அரசே கட்டுகிறது. ஆனால் அட்டை வேண்டும். அட்டையை அடிபட்ட பிறகு தேடுவது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதாகும்.

சாலை விபத்தைப் பொறுத்தவரையில் அட்டையும் கேளாத ஒரு திட்டம் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்பது அது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும் எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். பின்னர் அதனை இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய இடங்களிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தொழிலாளர் நிறைந்த திருப்பூரில், "எந்த மாநிலத்தவராயினும்" என்ற சொற்களின் அருமை நன்கு விளங்கும்.

இந்தியா முழுமைக்கும் இத்தகைய ஏற்பாடு வந்த வரலாற்றில் நம் அண்டை நகரமாகிய கோயம்புத்தூருக்கு ஒரு பங்கு உண்டு. அங்குள்ள கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் உயிர்கள் வீணாவதைக் கண்டு 2012 இல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014 இல் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அவ்வழக்கிலேயே 2025 ஜனவரி 8 அன்று, காயமுற்ற முதல் ஒரு மணி நேரமாகிய பொன்னான வேளையில் பணம் கேளாமல் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை வகுக்குமாறு மத்திய அரசுக்குக் கோர்ட்டு கட்டளையிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கான பிரிவு முன்னரே இருந்தும், திட்டம் வகுக்கப்படாமல் கிடந்தது. 2025 மே 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு, குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை என்பது அதன் சாரம்.

"போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு 1989 இலேயே சுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது. பரமானந்த கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், அரசு டாக்டராயினும் தனியார் டாக்டராயினும் முதற்கடமை உயிரைக் காப்பதே. மற்றச் சடங்குகள் யாவும் பிறகே என்று தீர்ப்பாயிற்று. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. ஆதலால் உதவ அஞ்ச வேண்டாம். 108 ஐ அழையுங்கள்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டால் எல்லாம் நிறைவாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் குறை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலையே கண்ணில் கொண்டு வகுக்கப்பட்டவை. மூளைக் காயத்தின் துன்பமோ கட்டிலை விட்டு எழுந்த பிறகே நீள்கிறது.

எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் தலையில் அடிபட்டு, உரிய நேரத்தில் அறுவை நடந்து பிழைத்தார். செலவையும் காப்பீடு ஏற்றது. காயம் ஆறிவிட்டது, கை கால் நன்றாக இயங்குகின்றன. பார்ப்பவர்கள் "பூரண குணம்" என்றே சொல்வார்கள். ஆனால் துணியை விரித்து வைத்துக் கத்தரியை எடுத்தால், காலையில் சொன்ன அளவு மதியம் நினைவில் நிற்பதில்லை. ஒரு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டால் தலை சுற்றுகிறது. சாந்தமானவர் என்று பெயரெடுத்த மனிதர் இன்று சிறு சொல்லுக்கும் சீறுகிறார். இப்போது அவருடைய மனைவி வீட்டிலேயே பனியனுக்குப் பிசிர் வெட்டிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார். அவர் கற்க வேண்டிய நினைவுப் பயிற்சிக்கும், பேச்சுப் பயிற்சிக்கும், மனநலச் சிகிச்சைக்கும் வாரந்தோறும் போய் வர வேண்டும். அதற்கான செலவுக்கு எந்த அட்டையை நீட்டுவது என்று அந்த அம்மையார் என்னைக் கேட்டபோது, ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சொன்னது போல உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

தனியார் மருத்துவக் காப்பீட்டை எடுத்துக் கொண்டாலும் இதே இடத்தில்தான் கயிறு அறுகிறது. விபத்துக் காயத்துக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, இது நன்மை. 2020 இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், வீடு திரும்பிய பின் 60 நாட்கள் வரையிலான மருத்துவச் செலவு உண்டு. அதற்குப் பிறகு? ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்பு என்பவற்றுக்காகவே ஏற்படும் செலவுகளை விலக்கும் பொது விதி ஒன்று பாலிசிகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. உண்ணவும் குளிக்கவும் பிறர் துணை வேண்டியவருக்கு அத்துணைக்காக ஆகும் செலவும் அவ்விலக்கில் அடங்கும். அறுபது நாளில் எலும்பு கூடலாம். மூளை தன் பாடங்களை மீண்டும் கற்க அது போதாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2001 இல் ஒரு சட்டம் இயற்றி, மூளைக் காயம் உற்றவரின் அறிவாற்றல் மறுபயிற்சியையும், சமுதாய வாழ்வுக்குத் திரும்பும் பயிற்சியையும் மருத்துவக் காப்பீடு விலக்கலாகாது என்று விதித்தது. அத்தகைய விதி நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

மோட்டார் விபத்து வழக்குகளில் மட்டும் நம் நீதிமன்றங்கள் இந்த நீண்ட துன்பத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியுள்ளன. 2007 இல் வட இந்தியாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சாலை விபத்தில் மூளைக் காயம் அடைந்து, மனவளர்ச்சியில் கைக்குழந்தை நிலைக்குத் திரும்பிவிட்டாள். முதலில் விசாரித்த தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் ரூபாய் அளித்தது. ஹைகோர்ட்டு அதைச் சுமார் 26 லட்சமாக்கியது. 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு 62 லட்சத்துக்கு மேல் வழங்கியது. வாழ்நாள் முழுவதும் இரண்டு துணையாட்கள் வேண்டும் என்று கொண்டு, அவர்களுக்கான கூலியை மாதம் 10,000 ரூபாய் என வைத்து ஆண்டுக் கணக்கில் பெருக்கிச் சேர்த்தது அத்தீர்ப்பின் சிறப்பு. காயமுற்றவரைப் பார்த்துக் கொள்ளும் உழைப்புக்கும் விலை உண்டு என்று நீதி ஒப்புக் கொண்டது. ஆனால் விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின் அது கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. மேலும், இத்தொகை மோதிய வண்டிக்கு இன்ஷுரன்ஸ் இருந்தால்தான் எளிதில் கைக்கு வரும். மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுப்பியாமல் வண்டி ஓட்டுபவர், தம்மால் காயமுறும் ஏழையின் சிகிச்சைப் பணத்தைத் தாமே பறிக்கிறார்.

மாணவர்களுக்கு இதில் செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பலருடைய பெற்றோர் பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் உழைப்பவர்கள். எழுத்தும் சட்டமும் அவர்களைவிட உங்களுக்கு எளிது. தந்தைக்கோ தாய்க்கோ இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, அதில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா, மாதந்தோறும் பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்யுங்கள். வண்டியின் இன்ஷுரன்ஸ் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

விபத்து நேர்ந்தால் உள்ளது உள்ளபடி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். போலீஸ், கோர்ட்டு என்று அஞ்சி, வண்டியில் விழுந்தவரைக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு வரியால் சாலை விபத்துக்குரிய இலவசச் சிகிச்சையும், வேலை விபத்துக்குரிய உதவித் தொகையும், கோர்ட்டு வழங்கும் நஷ்ட ஈடும் கேள்விக்குறி ஆகிவிடும். ஸ்கேன் படம், அறுவைக் குறிப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தரும் சுருக்கம், போலீசில் பதிவான முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றை ஒரே பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மேலும், வேலை விபத்தால் நிரந்தர ஊனமுற்று வேலையை இழந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் தம் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடர்ந்து பெறலாம். இதனை அறியாமலே விட்டுவிடுபவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

எல்லாக் காப்பீட்டிலும் மலிவான காப்பீடு ஒன்று உண்டு. அது தலைக்கவசம். 1935 இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற படைவீரரும் எழுத்தாளருமான ஒருவர், கவசம் இன்றி மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்ய வந்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் உள்ளத்தை உறுத்தியது. மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் இராணுவ வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941 இல் வெளியிட்டார். அதன் பின்னர் உலகின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008 இல் கணக்கிட்டபோது, தலைக்கவசம் தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 பங்கும், மரண அபாயத்தை 42 பங்கும் குறைப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் ஹைகோர்ட்டு ஆணைப்படி இது கண்டிப்பாக அமல் செய்யப்பட்டது. ஆயினும் நம் சாலைகளில் கவசம் பெட்ரோல் டாங்கின் மேலும், கண்ணாடிக் கம்பியிலும் தொங்குவதை நாள்தோறும் காண்கிறோம்.

பனியன் நூலால் ஆனது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியும் நழுவும் என்பது பின்னல் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். ஒரு குடும்பத்தில் உழைப்பவரின் மூளைக்கு வரும் ஊறும் அத்தகையது; பிள்ளையின் படிப்பும், பெண்ணின் கலியாணமும், வயதான பெற்றோரின் மருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவுகின்றன. அறுந்த கண்ணியை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துவதற்காகச் சமுதாயம் கண்ட கருவியே காப்பீடு. அது இன்று ஆஸ்பத்திரி வாசல் வரையில் வந்திருக்கிறது. அதை வீட்டு வாசல் வரையில், நினைவிழந்தவர் மீண்டும் தம் தொழிலைக் கற்கும் நாள் வரையில் நீட்டிக்கும் பணி மிச்சம் இருக்கிறது. நாளைய டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் அதிகாரிகளாகவும் முதலாளிகளாகவும் ஆகப் போகிற உங்களுக்கு அப்பணி காத்திருக்கிறது.